நாலாவது லைன் மொய்

என் நிழலை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடிதம் வந்தது. காரணம், உற்பத்திக் குறைவு. படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. அதன் பிறகு வந்த கோபம் இன்று வரை இறங்கவில்லை.

என் பேர் பியூலா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் அப்பர் தைத்தவள். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். வெட்டி வரும் தோல் துண்டுகளை மடித்து, ஒட்டி, தைத்து, பத்து ஜோடி சேர்ந்ததும் ஒரு கட்டாகக் கட்டி வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டு. நாலாவது லைனில் என் கைக்கு ஈடான கை கிடையாது. இதை என் வாயால் சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான். சொல்ல வேண்டிய இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் வெட்கப்படட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டோடு ஏதோ ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சுங்கவரி போயிற்று. எங்களுக்குத் தோல் வந்துகொண்டிருந்த விலைக்கு அங்கிருந்து முழு ஷூவே டப்பாவோடு வந்து இறங்கியது. ஆறு மாதத்தில் கம்பெனி கேட்டில் பூட்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் தெருவில் நின்றோம். அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு எங்கள் ஞாபகம் வந்து, ஓர் உதவித் திட்டம் அறிவித்தார்கள். இறக்குமதியால் வேலை போனவர்களுக்கு ஐந்து வருடம் மாத உதவி. கூடவே வேறு தொழில் பழகப் பயிற்சி.

ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களை உட்காரவைத்துத் திட்டத்தை விளக்கினார்கள். விளக்கியவர் குணசீலன் என்ற உதவி அலுவலர். ஐம்பது வயதிருக்கும். கெட்ட செய்தியையும் தேன் தடவின குரலில் சொல்லத் தெரிந்த மனிதர்.

"இறக்குமதியால வந்த நஷ்டத்துக்கு மட்டும்தான் சட்டத்துல உதவி. எப்படியும் போயிருக்கக்கூடிய வேலைக்குக் கிடையாது," என்றார்.

"எப்படியும் போயிருக்குமா இல்லியான்னு யார் சார் கண்டா?" என்று நான் எழுந்து கேட்டேன்.

"அதுக்குத்தாம்மா நிழல் ஆலை. கம்ப்யூட்டருக்குள்ள உங்க கம்பெனி மாதிரியே ஒண்ணு கட்டியிருக்கோம். நீங்க நானூத்திப் பன்னிரண்டு பேரும் அதுல இருக்கீங்க. பதினோரு வருஷத்து வருகைப் பதிவு, உற்பத்திப் பதிவு எல்லாத்தையும் அதுக்குக் குடுத்தாச்சு. யார் எப்படி வேலை செய்வாங்கன்னு அதைப் பாத்து அதுவே கத்துக்கிச்சு. அந்த ஊர்ல மட்டும் வெளிநாட்டு ஷூ வரல. கம்பெனி ஓடிட்டே இருக்கு. உங்க நிழல் அங்க வேலையில இருக்கிற வரைக்கும் இங்க உங்களுக்கு உதவி வரும்."

என் பக்கத்தில் இருந்த சபீனா மெல்லக் கேட்டாள். "எங்க நிழல் வேலையை உட்டு நின்னுட்டா சார்?"

"இறக்குமதி வராம இருந்திருந்தாலும் நீங்க நின்னிருப்பீங்கன்னு அர்த்தம். உதவி நின்னுடும்."

"அது செத்துப்போனா?"

"அதேதாம்மா," என்றார் குணசீலன், அதே தேன் குரலில்.

கூத்தாக இருக்கிறதே என்று அன்றைக்குச் சிரித்தோம். முதல் வருடமே மூன்றாவது லைன் மரகதத்தின் நிழல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தது. கல்லுக்குண்டு மாதிரி இருந்த மரகதத்துக்கு, 'ஆழ்ந்த இரங்கல்' என்று தொடங்கி 'உதவி நிறுத்தப்படுகிறது' என்று முடியும் கடிதம் வந்தது. ஜெசிந்தாவின் நிழல் கல்யாணம் ஆகி வேலையை விட்டு நின்றது. ஜெசிந்தாவுக்கு முப்பத்து நாலு வயது. வரன் தேடித் தேடி ஓய்ந்துபோன அவள் அம்மா நேரே அலுவலகத்துக்குப் போய், "மாப்ள எந்த ஊரு சார்? அந்த விலாசத்தையாவது குடுங்க," என்று கேட்டுவிட்டு வந்தாள்.

இப்போது என் முறை.

மாத உதவி நின்றால் எப்படியாவது சமாளிப்பேன். இழக்கவே முடியாதது பயிற்சி. செயற்கைக் கால் வைத்துக்கொள்பவர்களுக்குத் தொடையில் இறுக்கிக் கட்டும் தோல் பட்டை தைக்கும் பயிற்சி அது. நாலாவது லைனில் நான், சபீனா, தேவகி, இன்னும் இரண்டு பேர் ஒரே தொகுப்பில் சேர்ந்திருந்தோம். அறுபது பட்டை தைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நம் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிப் பரிசோதனை மிஷினுக்குள் தள்ளினால், அது தையலைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று சொல்லும். அறுபது தேறினால் சான்றிதழ். சான்றிதழ் உள்ளவர்களை எடுத்துக்கொள்ள வேலூரில் செயற்கைக் கால் செய்கிற ஒரு பட்டறை தயாராக இருந்தது. நான் முப்பத்தெட்டு பட்டை முடித்திருந்தேன். உதவி நின்றால் பயிற்சி இடமும் போய்விடும். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு பெண் பிள்ளைகளோடு, ஒற்றை ஆளாகச் சம்பாதிக்கிற எனக்கு வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன்.

"நிழல் ஆலையில போன மாசம் ஆட்குறைப்பு," என்றார் குணசீலன். "லைனுக்கு ஒருத்தர். இருக்கிறதுலயே கம்மியா தைக்கிறவங்களை எடுத்திருக்காங்க."

"கம்மியா தைக்கிறவளா, நானா? ஒரு நாளைக்குப் பதினாறு கட்டு போட்டவ சார் நான்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "எண் நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு, பியூலா. சராசரி ஒன்பது. பக்கத்து மிஷின் சபீனா பேகம், பதிமூணு. தேவகி, பன்னெண்டு. உங்க லைன்லயே நீங்கதாம்மா கடைசி."

ஒன்பது என்ற அந்த எண்ணைத் திரும்பவும் பார்த்தேன். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எங்கள் லைனில் மொய் என்று ஒன்று உண்டு. கம்பெனியில் ஒவ்வொருத்திக்கும் அவள் எண் அச்சடித்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று தருவார்கள். கட்டு முடிந்ததும் அதிலிருந்து ஒன்றைக் கிழித்து ஒட்ட வேண்டும். யார் தைத்தாள் என்று கம்பெனி கண்டுகொள்வது அதை வைத்துத்தான். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாதவிலக்கு வலி, ஒருத்தி வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்து கை நடுங்க உட்கார்ந்திருக்கிறாள் என்றால், மற்றவர்கள் தாங்கள் முடித்த கட்டில் அவள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவோம். இன்றைக்கு தேவகிக்கு ரெண்டு மொய், நாளைக்கு சபீனாவுக்கு நாலு. கல்யாண வீட்டு மொய் மாதிரி நோட்டு கிடையாது, மைக்கில் பேர் வாசிப்பதும் கிடையாது. திருப்பிச் செய்தாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. வேகமான கை என்னுடையது என்பதால் அதிகம் வைத்தவள் நான்.

சபீனா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவள் பேரில் பன்னிரண்டு கட்டு விழுந்தது. அந்த நாட்களில் என் பேரில் நாலு கூட விழவில்லை. சூப்பர்வைசர் ஏகாம்பரத்துக்கு எல்லாம் தெரியும். லைனைச் சுற்றி வரும்போது காலி நாற்காலியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விடுவார். மேலே இருந்து யாராவது கேட்டால், "லைன் மொத்தம் சரியா இருக்குதில்ல," என்று வாயை அடைத்துவிடுவார். நிழல் ஆலையிலும் ஓர் ஏகாம்பரம் இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தொண்டையைச் செருமத் தெரியவில்லை.

குணசீலனிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார்.

"அப்ப வழி இருக்கும்மா. யார் யாருக்கு எத்தனை கட்டு, எந்தெந்த மாசம்னு எழுதிக் குடுங்க. உங்க பதிவைத் திருத்திடலாம். உங்க நிழல் திரும்ப வேலைக்கு வந்துடும்."

"அவுங்களுக்கு இன்னா ஆகும்?"

"அவங்க பதிவு குறையும். நிழல் போகும். பொய்ப் பதிவுல உதவி வாங்கினதா ஆகும், அதனால இது வரைக்கும் குடுத்ததைத் திரும்பக் கேப்பாங்க." பேனாவை என் பக்கம் நீட்டினார். "அவங்களைப் பத்தி நீங்க ஏம்மா யோசிக்கிறீங்க. உங்க பிள்ளைங்களை நினைச்சுக்குங்க."

என் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளச் சொல்ல இந்த ஆள் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

சாயந்திரம் சபீனா வீட்டுக்கே வந்தாள். பயிற்சி மையத்தில் செய்தி போயிருந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் பேரை எழுதிக் குடுத்துடுக்கா."

"வாயை மூடுடீ."

"பதினோரு நாளு நீ தெச்சது. என் புள்ளைக்கு ஜுரம் வந்தப்பல்லாம் நீ தெச்சது. உன் சோத்துல நான் மண்ணைப் போட்டுட்டு சும்மா இருக்கணுமா?"

"நீ போட்டியா? நீயா கப்பல்ல ஷூ கொண்டாந்து எறக்குன? நீயா அந்த எழவெடுத்த நிழலைப் பண்ண?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே படித்துக்கொண்டிருந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். "உன் பேரைச் சொல்லி நான் சாப்பிடணும்னா அந்தச் சோறு எனக்கு எறங்குமா? மொய் வெச்சவ திருப்பிக் கேட்டதா எந்த ஊர்லயாவது உண்டா? போடி, வீட்டுக்குப் போ."

அவள் போனாள். அழுதுகொண்டே போனாள். போகச் சொன்ன நானும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

மறுநாளே மேல்முறையீடு எழுதிப் போட்டேன்; அது முடியும் வரை பயிற்சிக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பதினைந்து நாள் கழித்து விசாரிக்கக் கூப்பிட்டார்கள். அறையில் குணசீலனும் நானும் மட்டும்தான். பேர்களைக் கேட்டார். இல்லை என்றேன். இரண்டாம் முறை கேட்டார். பெருமூச்சு விட்டபடி கோப்பை மூடப் போனார்.

"இருங்க சார். என் நிழலை நான் பாக்கணும்," என்றேன். "சட்டத்துல இருக்குதாமே. அவளை வெளிய அனுப்புன நாளைக் காட்டுங்க."

திரையில் தேதிகளும் எண்களும் ஓடின. வேலையை விட்டு நீக்கிய நாளில் என் பேருக்கு எதிரே எட்டு என்று இருந்தது. சிவப்புக் கோடு. அதோடு முடிந்தது என்று அவர் விரலை எடுக்கப் போனார். அப்புறம் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

கோட்டுக்குக் கீழேயும் என் எண் இருந்தது. மறுநாள் ஐந்து கட்டு. அதற்கு மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாளிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. மாதம் முடியும் வரைக்கும் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

"இது என்னது," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார் குணசீலன். "ஆளை நீக்கியாச்சு. சீட் காலி. பதிவு எப்படி விழும்?"

"சபீனா எண்ணைப் பாருங்க சார்."

பார்த்தார். பதிமூன்றாக இருந்தது பத்தாகியிருந்தது. தேவகி பன்னிரண்டிலிருந்து ஒன்பது. லைனில் இன்னும் மூன்று பேருக்கு இரண்டிரண்டு குறைந்திருந்தது. கூட்டிப் பார்க்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

இல்லாத கம்பெனியில், இல்லாத நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத அந்தப் பெண்கள் எனக்கு மொய் வைத்திருந்தார்கள். என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

குணசீலன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "நிழலின் எண்ணில் உற்பத்தி பதிவாகும் மாதங்களுக்கு உதவி வழங்கப்படும். அப்படித்தான் இருக்கு. வேலையில இருக்கணும்னு இல்ல." அவர் குரலில் முதல் முறையாகத் தேன் இல்லை. "மேல எழுதறேம்மா. உற்பத்தின்னுதான் எழுதறேன்."

மேலே இருந்து பத்து நாளில் பதில் வந்தது. இரண்டே வரி. 'பணிநீக்கத்துக்குப் பிந்தைய பதிவுகள் தரவுப் பிழை. பிழை திருத்தப்பட்டது, மேல்முறையீடு தள்ளுபடி.'

அந்தக் காகிதத்தோடு நான் போய் நின்றபோது குணசீலன் எழுந்து நின்றார். மரியாதையிலா, பயத்திலா, எனக்குத் தெரியவில்லை.

"பிழையா சார்?" என்றேன். "உங்க மிஷினுக்கு வயிறு உண்டா, புள்ள குட்டி உண்டா? எங்க பதிவைப் பாத்துப் பாத்து அதுக்கே தெரிஞ்சிருக்குது, நாலாவது லைன்ல ஒருத்தி சீட்டு காலியானா மத்தவங்க கை கட்டிக்கினு இருக்கமாட்டாங்கன்னு. யாரும் சொல்லித் தரல. அதுவா கத்துக்கிச்சு. மனுசங்க நீங்க, அதைப் பிழைன்னு அழிச்சிட்டீங்க."

"நான் அழிக்கலம்மா. மேல..."

"மேல மேலன்னா மேல யாரு? ஆண்டவரா? அவரும் உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்கறாரா?"

வாசலில் இருந்த காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தான். குணசீலன் அவனைக் கையசைத்துப் போகச் சொன்னார். நான் கத்தி முடிக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். அந்த மட்டுக்கு அவருக்கு நன்றி.

பயிற்சி மையத்தில் கத்திரி, ஊசி, மெழுகு எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தேன். என் ஸ்டிக்கர் சுருளை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. செத்த எண் யாருக்கு வேண்டும். அதை மிஷின் டிராயரிலேயே போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன். மறுநாளே ஒரு பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார்கள். அங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அது ஒரு வசதி.

மூன்று வாரம் ஆயிற்று. சபீனா வரவில்லை. தேவகி வரவில்லை. கடைத்தெருவில் ஒரு நாள் தூரத்தில் என்னைப் பார்த்த சபீனா சட்டென்று சந்துக்குள் திரும்பிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இங்கே வெங்காயம் உரிக்கிறேன், உனக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லையா என்று மனசுக்குள் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அந்த மூன்று வாரமும் நான் அரசாங்கத்தைத் திட்டியதைவிட அவளைத் திட்டியதுதான் அதிகம். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நாலாவது வாரம் ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. பெரியவள்தான் பிரித்தாள்.

முதல் உறையில் சான்றிதழ். தோல் பட்டை தையல் பயிற்சி, பியூலா, அறுபது பட்டைகள், அறுபதும் தேறியவை. வேலூர் பட்டறையில் முதல் தேதி வேலைக்கு வரச் சொல்லி ஒரு சீட்டும் கூட இருந்தது. பரிசோதனை மிஷின் அறுபதை எண்ணியதும் தானாகவே அச்சடித்து அனுப்பிவிட்டதாம். தையலைப் பார்க்கத் தெரிந்த அந்த மிஷினுக்கு யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் விட்டு வந்தது முப்பத்தெட்டில். மீதி இருபத்திரண்டு. மூன்று வாரமாக அந்த நாலு பேரும் தங்கள் பட்டையையும் தைத்து, என்னுடையதையும் தைத்து, டிராயரில் கிடந்த சுருளிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்றுதான் அந்தக் கழுதை சந்துக்குள் ஓடியிருக்கிறாள்.

"இன்னொண்ணு இருக்குதும்மா," என்றாள் பெரியவள்.

இரண்டாவது உறை உதவி அலுவலகத்திலிருந்து. 'தாங்கள் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் தங்கள் எண்ணில் இருபத்திரண்டு பட்டைகள் பதிவாகியுள்ளன. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' கீழே குணசீலனின் கையெழுத்து. இணைத்திருந்த படிவத்தில் இரண்டே கேள்விகள். நான் வெங்காய வாடை போகக் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பதிவு செய்தவர் பெயர் என்ற இடத்தில், 'என் நிழல்' என்று எழுதினேன். 'நீங்கள் வேலையை விட்டு நீக்கியதிலிருந்து சும்மாதான் இருக்கிறாள்.'

காரணம் என்ற இடத்தில், 'மொய்' என்று எழுதினேன்.

கையெழுத்துப் போட்டு, ஒட்டி, அன்றைக்கே தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கிருந்து நேராக சபீனாவைத் திட்டுவதற்காக அவள் வீட்டுக்குப் போனேன்.